நாலு கூடை ஆட்டெரு

கைலாசத்தின் வீட்டுக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டு வருடமாக வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல முள் வளர்ந்துகொண்டிருந்தது. மனை வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்த ஒருவருடையது. வாங்கிப் போட்டதோடு சரி, அவர் பிள்ளையார்பாளையத்துப் பக்கம் தலைகாட்டியதே இல்லை. முதலில் மூலையில் ஒரு புதர்தான் இருந்தது. இரண்டு மழைக்குப் பிறகு ஆள் உயரமானது. அப்புறம் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத காடாகிவிட்டது. பாம்பு வந்தால் அங்கிருந்துதான் வந்தது. தெருவில் போகிற சைக்கிள்கள் அந்த முள்ளால்தான் பஞ்சராயின. அதன் வேர் உறிஞ்சியதில் கொல்லைக் கிணற்றில் மாசி முடிவதற்குள்ளேயே கயிறு எட்டாமல் போயிற்று.

ஒருநாள் காலை தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தபோது ஏதோ உள்ளங்காலில் உரசியது. கைலாசம் குனிந்து தடவிப் பார்த்தார். குழியின் மண்சுவரைத் துளைத்துக்கொண்டு விரல் பருமனில் ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மனையிலிருந்து சுவருக்கு அடியில் நுழைந்து, சமையல்கட்டைத் தாண்டி, அவர் கால் வைக்கிற இடத்துக்கே வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்த முள் அவருடைய சொந்த விவகாரமாகிவிட்டது.

ஒவ்வொரு தை மாதமும் கொடுவாளை எடுத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதித்து வெட்டினார். நாலைந்து நாள் தறி நிற்கும். கை கால் முழுக்கக் கீறலோடு திரும்பி வருவார். ஆடி பிறப்பதற்குள் அது முன்னைவிட அடர்த்தியாக நின்றது. ஆபீசுகளுக்கு மனு எழுதினார். தனியார் மனையில் நாங்கள் தலையிட முடியாது என்று பதில் வந்தது. பஸ் ஏறி வாலாஜாபாத்துக்கே போய் மில்காரரைப் பார்த்தார்.

"அவ்ளோ கஷ்டமா இருந்தா நீயே வாங்கிக்கயேம்பா" என்றார் மில்காரர்.

"அந்த முள்ளுக்காட்டை எவன் வாங்குவான்? சும்மா குடுத்தாலும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தார் கைலாசம். அந்தப் பதிலைத் தெருவில் பல பேரிடம் பலமுறை சொல்லிக் காட்டினார்.

இதனால் அவருக்கு ஒரு பெயரும் வந்திருந்தது. ஊரில் யாருக்கு எங்கே முள் தொந்தரவு என்றாலும் "கைலாச முதலியாரைக் கேளு" என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்து அவர் வேலிக்காத்தானைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டம்ளர் காலியான பிறகும் ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல நெசவாளிகள் அந்தத் தெருவில் இருபது பேர் இருந்தார்கள். முள்ளோடு சண்டை போட்டவர் அவர் ஒருவர்தான்.

அறுபத்தெட்டாம் வருடம் தை மாதம், மனை கைமாறியது. வாங்கியவர் பரசுராம நாயக்கர். திருமுக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் பிரிந்தபோது தன் பங்கை அவர்களுக்கே விற்றுவிட்டு, நெல் மண்டி ஒன்றில் எடை போடுகிற வேலைக்கு வந்தவர். முள் மண்டிய மனை என்பதால் மலிவாகக் கிடைத்தது. ஓரத்தில் ஒரு கூரைவீடு போட்டுக்கொண்டு மனைவி ரேணுகாம்பாளோடு குடிவந்தார்.

வந்த அன்றே கைலாசம் சுவரோரம் போய் நின்றார். எட்டு வருட அனுபவத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தார். பரசுராமன் ஒரு புதரின் அடியில் குந்தி உட்கார்ந்து தூரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு தண்டு கிளம்பியிருந்தது.

"யாரு முதலியாரே இதை இப்பிடி மேலோட வெட்டி வச்சது?" என்று கேட்டார். "வெட்ட வெட்டத்தான இது ஒண்ணு பத்தாவும்? சும்மா வுட்டிருந்தாக்கூட இவ்ளோ மண்டியிருக்காது. பாவம், எவனோ தெரியாம வேலை மெனக்கெட்டிருக்கான்."

கைலாசம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாரோ விறகுக்கு வெட்டியிருப்பாங்க" என்றார்.

"வேர்க்கழுத்து மண்ணுக்குள்ள இருக்குது பாருங்க. ஒரு முழம் தோண்டி அதோட எடுத்துட்டா அப்பால தழையாது. எங்க ஊர்ல ஏரிக்கரை பூரா இதான். சின்ன வயசுலேர்ந்து இதோட தான் மல்லுக்கட்டறேன்."

அவர் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் கைலாசத்துக்குத் தாங்கவில்லை.

பரசுராமன் மண்டிக்குப் போவதற்கு முன்னால் இரண்டு மணி நேரமும் வந்த பிறகு இருட்டும்வரையிலும் வேலை செய்தார். ரேணுகாம்பாள் கூடவே நின்றாள். அவர் கடப்பாரையால் நெம்ப, அவள் கயிறு கட்டி இழுப்பாள். இருவரும் ஏதோ பேசிக்கொண்டே இருப்பார்கள். நடுநடுவே சிரிப்புச் சத்தம் கேட்கும். பங்குனி உத்திரத்துக்கு ஊரில் கூட்டம் சேரத் தொடங்கியபோது மனை வெறும் தரையாகக் கிடந்தது. எடுத்த கட்டைகளை வெட்டி அடுக்கி, தெருவில் வீட்டுக்கு ஒரு கட்டு விறகு என்று இருவரும் சுமந்து கொடுத்தார்கள்.

"எட்டு வருசத் தலைவலி, ஒரே மாசத்துல தீத்துட்டாரும்மா" என்று எதிர்வீட்டுத் தில்லையம்மாள் தெருவே கேட்கும்படி சொன்னாள். கைலாசம் அப்போது உள்ளே தறியில் இருந்தார். ஊடை நூலை ஓட்டுகிற நாடா அவர் கையில் ஒரு நிமிஷம் நின்றது.

அந்தச் சித்திரையில் கைலாசத்தின் கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. அவர் மனைவி காமாட்சியம்மாள் குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, "நாயக்கர் புண்ணியத்துல ஊத்து தொறந்துக்கிச்சு" என்றாள். கைலாசம் அந்தத் தண்ணீரில்தான் குளித்தார். குளிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தை காதில் விழுந்துகொண்டிருந்தது.

வைகாசியில் பக்கத்து மனை தோட்டமாகத் தொடங்கியது. அவரைக்குப் பந்தல் வந்தது, முருங்கைக் கொம்பு நட்டார்கள், முளைக்கீரைக்குப் பாத்தி கட்டினார்கள். ரேணுகாம்பாள் சுவருக்கு மேலே கையை நீட்டி, "அக்கா, இந்தாங்க" என்று கீரை கொடுப்பாள். கைலாசத்தைக் கண்டால் "அண்ணா, மதியம் குழம்பு நல்லா இருந்துச்சா?" என்று கேட்பாள். அவர் தலையை மட்டும் ஆட்டுவார். குழம்பு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

காமாட்சியம்மாள் மெதுவாக அந்தப் பக்கம் போகத் தொடங்கினாள். முதலில் கீரைக்காகப் போனாள். பிறகு சும்மாவே போய்ப் பந்தலடிக் கல்லில் உட்கார்ந்திருப்பாள். கைலாசம் நெய்ததெல்லாம் கோர்வைப் புடவை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். உடலை அவர் நெய்ய, மறு ஓரத்துக் கரைக்கு நாடா போடுகிற கை காமாட்சியம்மாளுடையது. அவள் இல்லாவிட்டால் அவர் கால் குழியில் கிடக்க, கை மடியில் கிடக்க, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு நாள் அப்படி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

"எங்க போய்ட்ட?" என்றார் அவள் வந்ததும்.

"தோ, பக்கத்துல தான். பீர்க்கங்கொடி ஏத்திக்கினு இருந்தாங்க. பாத்துக்கினு இருந்தேன்."

"கொடி ஏறதைப் பாக்கறதுக்கு ஒரு ஆளா? இங்க கரை நிக்குது."

"நாயக்கரு நூல் கட்டித்தான் ஏத்தறாரு. அந்த வேலையே ஒரு அழகா…"

"நூல் கட்டறதுல இன்னா அழகு? நான் இன்னா நாரையா பின்னிக்கினு இருக்கேன்?"

காமாட்சியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து நாடாவை எடுத்தாள். அன்றைக்கு முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் முன்பும் தறியில் அவர்கள் அதிகம் பேசியவர்கள் இல்லை. அதனால் கைலாசத்துக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அவருக்கு உறுத்தியது வேறு. கண் தானாகச் சுவருக்கு மேலே போயிற்று. துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று எட்டிப் பார்ப்பார். அவரைப் பிஞ்சு விட்டிருந்தால் பூச்சி விழுந்திருக்கிறதா என்று தேடுவார். முருங்கை துளிர்த்திருந்தால், காற்றில் ஒடியும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். எதுவும் ஒடியவில்லை. அந்த மனையை மில்காரர் தனக்கே கொடுக்கிறேன் என்று சொன்னது இரவில் படுத்தாலும் காலையில் எழுந்தாலும் ஞாபகம் வந்தது. தான் வாங்கியிருந்தால் இன்னொரு தறி போட்டிருக்கலாம். தானே தோண்டி எடுத்திருக்கலாம். ஒரு முழம் தோண்டினால் போதும் என்று எவனாவது முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா?

ஆனி மாதம் டீக்கடையில் அது நடந்தது. சாமுவேல் என்று ஒரு தபால்காரர். அவர் மாமியார் வீட்டுப் பின்பக்கம் வேலிக்காத்தான் புகுந்திருந்தது. அவர் பெஞ்சில் கைலாசத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, தன்னிடம்தான் யோசனை கேட்பார் என்று கைலாசம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதலியாரே, ஒரு உதவி செய்யணும்" என்றார் சாமுவேல்.

"சொல்லுப்பா."

"உங்க பக்கத்து வீட்டு நாயக்கரு எத்தனை மணிக்கு வீட்ல இருப்பாரு? முள்ளை அடியோட எடுக்கறதுல அவரு கெட்டிக்காரராமே. கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

கைலாசம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அந்த வாரம்தான் பரசுராமன் சுவரோரம் நின்று எருவைப் பற்றிப் பேசினார். ஆடிப்பட்டத்துக்கு மண்ணைத் தயார் செய்ய வேண்டும், நல்ல ஆட்டெரு நாலு கூடை கிடைத்தால் தேவலை என்றார்.

"ஆனா பயமா இருக்குது முதலியாரே. வேலிக்காத்தான் காயைத் தின்ற ஆட்டோட புழுக்கையில அந்தக் கொட்டை அப்பிடியே இருக்கும். வயித்துல போய் வந்ததுன்னா இன்னும் வேகமா முளைக்கும். எங்க ஏரிக்கரை கெட்டதே ஆட்டாலதான். கட்டிப்போட்டு தழை வச்சு வளக்கற ஆடுன்னா பயம் இல்லை. யாரு அப்பிடி வளக்கறாங்க இங்க?"

"எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்கறாரு. நான் கொண்டாந்து தரேன்" என்றார் கைலாசம். வாய்தான் முதலில் சொன்னது. சொன்ன பிறகுதான் மனசுக்கு அது எதற்கு என்று தெரிந்தது.

வேகவதி ஆற்றங்கரையில் முனிசாமி என்பவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலம் தவிர ஆற்றில் தண்ணீர் கிடையாது. இரண்டு கரையிலும் வேலிக்காத்தான்தான். மஞ்சள் காய்கள் தரையில் உதிர்ந்து கிடக்க, ஆடுகள் அவற்றை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தன. கைலாசம் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"எரு வேணுமா? தோட்டத்துக்குன்னா இது வேணாம் முதலியாரே" என்றார் முனிசாமி. "இதுங்க இந்தக் காயைத் தவிர வேற எதையும் தின்றதில்லை. பூரா முள்ளா முளைக்கும். தென்னைக்கு வேணா ஆழமா குழி வெட்டிப் போடலாம்."

"தெரியும். எனக்கு இதான் வேணும். நாலு கூடை."

முனிசாமி ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் கேட்கவில்லை. பட்டியில் கூட்டி வைத்திருந்ததை அள்ளிப் போட்டுத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை கைலாசம் ஒவ்வொரு கூடையாகத் தலையில் தூக்கிப் பக்கத்து மனையில் கொண்டுபோய் வைத்தார். பரசுராமன் ஓடிவந்து இறக்கினார். ஒரு பிடி அள்ளி, உதிர்த்து, முகர்ந்து பார்த்தார்.

"நல்லா காஞ்சிருக்குது. கட்டிப்போட்ட ஆடுதானே?"

"அகத்தித்தழை தவிர வேற எதுவும் போடறதில்லை. நானே கேட்டேன்" என்றார் கைலாசம்.

"அப்ப சரி. நீங்க சொன்னா நான் சல்லடை போட வேணாம்."

ரேணுகாம்பாள் கண் கலங்கிவிட்டாள். "கூடப்பொறந்தவங்களே பங்கைப் பிரிச்சி அனுப்பிட்டாங்க. நீங்க தலையில சொமந்து கொண்டாந்து போடறீங்களேண்ணா" என்றாள். ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கைலாசம் அதைக் குடித்தார். கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. கூடை கனம் என்று சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் அவர் ரொம்ப நல்லவராக இருந்தார். துவைக்கிற கல்லின்மேல் ஏறவில்லை. காமாட்சியம்மாள் பக்கத்துக்குப் போய் வந்தால் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக்காய்ப் பொரியல் நன்றாக இருக்கிறது என்றுகூட ஒரு நாள் சொன்னார். அந்தப் பச்சையெல்லாம் இன்னும் எத்தனை நாள் என்று தனக்கு மட்டும் தெரியும் என்பதால், அதைப் பார்க்க அவருக்கு எரியவில்லை. தறியிலும் வேலை ஓடியது.

ஆடிக் கடைசியில் மூன்று நாள் சாயங்கால மழை பெய்தது. ஆவணி பிறந்து நாலாம் நாள் பரசுராமன் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். குரலே வேறு மாதிரி இருந்தது.

கைலாசம் போய்ப் பார்த்தார். பாத்திகளில் வெண்டையும் கொத்தவரையும் முளைத்திருந்தன. அவற்றுக்கு நடுவிலும், வரப்பிலும், பந்தல் காலடியிலும், எரு விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்ன இலையோடு வேலிக்காத்தான் நெருக்கமாக முளைத்து நின்றது. ரேணுகாம்பாள் ஒரு பாத்தியில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட குவியல் முறம் கொள்ளாத அளவுக்கு இருந்தது. பாத்தியில் பார்த்தால் ஒன்றுமே குறைந்த மாதிரி தெரியவில்லை.

இதைப் பார்க்கத்தான் அவர் காத்துக்கொண்டிருந்தார். பார்க்கக் கிடைத்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உங்களை எவனோ ஏமாத்திட்டான் முதலியாரே" என்றார் பரசுராமன். "பாவம், நீங்க நம்பி வாங்கினீங்க. யாரு அந்த ஆட்டுக்காரன்?"

வேறு பெயர் ஏதாவது சொல்லலாமா என்று கைலாசம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. "முனிசாமின்னு… வேகவதிப் பக்கம்" என்றார்.

"நாளைக்கு மண்டி லீவு. நான் போய் அவனை ரெண்டு கேள்வி கேக்கறேன். நாளைக்கு இன்னொருத்தன் தலையிலயும் இதைத்தான் கட்டுவான்."

மறுநாள் காலை முழுவதும் கைலாசம் தறியில் இருந்தார். ஆனால் ஒரு சாண்கூட நெய்யவில்லை. இரண்டு முறை நூல் அறுந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். முனிசாமி ஆட்டோடு வேறு எங்காவது போயிருப்பார், பரசுராமன் வெறுங்கையோடு திரும்பிவிடுவார் என்றும் நினைத்தார். இரண்டாவது நினைப்பு சுலபமாக இருந்ததால் அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பத்து மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது.

"கூப்பிடுங்க முதலியாரை! என் மூஞ்சியைப் பாத்து சொல்லட்டும்!"

காமாட்சியம்மாள் வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, உங்களைத்தான் கேக்கறாங்க" என்றாள். கைலாசம் குழியிலிருந்து காலை எடுத்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் முனிசாமி முண்டாசை அவிழ்த்துக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பரசுராமன். சத்தம் கேட்டு ரேணுகாம்பாளும் வந்திருந்தாள். தில்லையம்மாள் தன் வீட்டு வாசலில் முறத்தோடு நின்றாள்.

"நான் ஏமாத்தினேனாம்" என்றார் முனிசாமி. "இவரு என் ஆட்டுப்பட்டிக்கே வந்து கத்தறாரு. நீங்க வந்தப்ப நான் இன்னா சொன்னேன்? சொல்லுங்க. நான் இன்னா சொன்னேன்?"

கைலாசம் முனிசாமியைப் பார்த்தார். நான் அப்படிக் கேட்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆற்றங்கரையில் வேறு யாரும் இல்லை. பட்டுச்சங்கத்து நெசவாளி சொல்வதா, ஆடு மேய்க்கிறவர் சொல்வதா என்றால் தெரு எதை நம்பும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். முனிசாமிக்கும் தெரியும். அதனால்தான் அந்த மனிதர் முண்டாசை விடாமல் முறுக்கிக்கொண்டிருந்தார்.

"தோட்டத்துக்கு வேணாம்னு சொன்னான்" என்றார் கைலாசம். "பூரா முள்ளா முளைக்கும்னு சொன்னான். நான் தெரிஞ்சுதான் வாங்கினேன்."

முனிசாமி மூச்சை விட்டார். முண்டாசைக் கட்டிக்கொண்டு நடந்து போனார்.

பரசுராமனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "தெரிஞ்சா?" என்றார். "எதுக்கு? நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப எதுக்கு?"

"எட்டு வருசம் வெட்டினேன்யா" என்றார் கைலாசம். அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அந்த முள்ளை மேலோட வெட்டின முட்டாள் நான்தான். வருசா வருசம் தறியை நிறுத்திட்டு, ரத்தம் ஒழுக ஒழுக வெட்டினேன். நீ வந்து ஒரே மாசத்துல எடுத்துட்டே. தண்ணி வந்தா உன் பேரு, கீரை வந்தா உன் பேரு, என் வீட்டுக்காரி வாயிலயும் உன் பேரு. பாக்கப் பொறுக்கல. அவ்ளோதான்."

தில்லையம்மாள் மெல்ல உள்ளே போய்விட்டாள். பரசுராமன் திரும்பித் தன் வீட்டுக்கு நடந்தார். ரேணுகாம்பாள் மட்டும் நின்றாள்.

"மோர் குடுத்தேனே" என்றாள். "அப்பக்கூட உங்களுக்குச் சொல்லத் தோணலியா?"

பிறகு அவள் வீட்டு வாசல் படல் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

அன்று காமாட்சியம்மாள் சோறு போட்டாள், தறியில் வந்து உட்கார்ந்தாள், தன் பக்கத்துக் கரைக்கு நாடா போட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று கைலாசத்துக்கு இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அவர் பக்கத்து வீட்டுப் படலண்டை போய் நின்றார். பரசுராமன் வெளியே வந்தார்.

"நான் பிடுங்கறேன்" என்றார் கைலாசம்.

"வேணாம்."

"பூராத்தையும் நானே…"

"வேணாம்னு சொன்னேன். போங்க."

உள்ளேயிருந்து ரேணுகாம்பாளின் குரல் வந்தது. "வரட்டும் வுடுங்க. போட்டவங்களே எடுக்கட்டும். எனக்கு இடுப்பு ஒடியுது."

பரசுராமன் படலைத் திறந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் மண்டிக்குக் கிளம்பினார்.

அதிலிருந்து தினமும் காலை ஒரு மணி நேரம் கைலாசம் அந்தப் பாத்திகளில் குந்தியிருந்தார். முதல் வாரம் எளிதாக இருந்தது. கன்றுகள் விரலுக்கு வந்தன. அதற்குப் பிறகு வேர் இறங்கிவிட்டது. இழுத்தால் மேல் தண்டு கையோடு வரும், வேர் உள்ளேயே நின்றுவிடும். இரண்டு நாளில் அதே இடத்தில் இரண்டாகத் துளிர்க்கும். சின்ன முள்ளும் முளைக்கத் தொடங்கியிருந்தது. விரல் நுனியெல்லாம் சொரசொரப்பாகிவிட்டது. பட்டு அந்தச் சொரசொரப்பில் மாட்டி மாட்டி இழுத்தது. புடவையில் ஒரு இடத்தில் இழை கிளம்பிவிட்டது. முப்பது வருடத்தில் அவர் கை அப்படிச் செய்ததில்லை.

புரட்டாசியில் ஒரு நாள் பரசுராமன் மண்டிக்குக் கிளம்பியவர் நின்றார். கைலாசம் ஒரு கன்றோடு போராடிக்கொண்டிருந்தார். பரசுராமன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். கட்டைவிரலை மண்ணுக்குள் அழுத்தி, தண்டை ஒரு அரைத் திருப்பு திருப்பி, மேலே எடுத்தார். வேர் முழுசாக, ஒரு சாண் நீளத்துக்கு, வெள்ளையாக வந்தது.

"மேல புடிச்சா அறுந்துடும். கீழ புடிங்க" என்றார். ஒரு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது. எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

கைலாசம் அதேபோலச் செய்து பார்த்தார். அறுந்தது. மறுபடி செய்தார். அறுந்தது. அந்த ஆளின் கட்டைவிரல்மேல்கூடப் பொறாமை வந்தது. நாலாவது கன்று முழுசாக வந்தது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒருமுறை சுற்றும் முற்றும் பார்த்தார்.

தீபாவளிக்கு முன்பு தோட்டம் சுத்தமாயிற்று. ஆனால் கொட்டை மண்ணில் இன்னும் பல வருடம் கிடக்கும், ஒவ்வொரு மழைக்கும் நாலு முளைக்கும் என்று ரேணுகாம்பாள் சொன்னாள். அவளும் பேசத் தொடங்கியிருந்தாள், அண்ணா என்று கூப்பிடாமல். மழை பெய்த மறுநாள் கைலாசம் சொல்லாமலே அந்தப் பக்கம் போனார். அவர்கள் படலைத் திறந்தே வைத்தார்கள். மன்னிப்புக் கேட்க முனிசாமியை ஒருமுறை ஆற்றங்கரையில் தேடிப் போய்ப் பார்த்தார். "ஆவட்டும் முதலியாரே" என்று சொல்லிவிட்டு முனிசாமி ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குமேல் அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் தறியில் இருக்கும்போது அவர் விரலில் பட்டு மறுபடி மாட்டியது. காமாட்சியம்மாள் எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் அங்க கீரைக்கா போனேன்னு நினைச்சீங்க?" என்றாள்.

கைலாசம் எண்ணெயைத் தொட்டுக்கொண்டே நிமிர்ந்தார்.

"நாயக்கரைப் பாக்கவும் போகல. அவங்க ரெண்டு பேரும் பேசிக்கினே வேலை செய்வாங்க. அவரு மண்டியில நடந்ததைச் சொல்வாரு, அவ எதிர்ப்பேச்சு பேசுவா, அவரு சிரிப்பாரு. அதைக் கேக்கத்தான் போய் உக்காந்திருந்தேன். நாமளும் தான் பதினேழு வருசமா இந்த ஓரமும் அந்த ஓரமுமா ஒரே தறியில உக்காந்துக்கினு இருக்கறோம். நூல் அறுந்தா சொல்வீங்க, கரை முடிஞ்சா சொல்வீங்க. வேற இன்னா பேசியிருக்கீங்க? எனக்கும் தான் அவளைப் பாத்தா வயிறு எரிஞ்சுது. நான் இன்னா, போய் முள்ளையா வெதைச்சேன்?"

அவர் எண்ணெயை விரல் நுனிகளில் தேய்த்துக்கொண்டார். அவள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து நாடாவைக் கையில் எடுத்தாள். இரண்டு பேரும் நெய்யத் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு ஊடை ஓடியிருக்கும்.

"இன்னிக்கு காலையில" என்றார் கைலாசம்.

அவள் நாடாவை நிறுத்தினாள்.

"நிறுத்த வேணாம், போடு. இன்னிக்கு காலையில நாயக்கருக்கும் அவளுக்கும் சண்டை. பரங்கிக்காயை இப்ப பறிக்கலாமா, இன்னும் ரெண்டு நாள் போவட்டுமான்னு. என்னைக் கேட்டாங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எனக்கு இன்னா தெரியும் பரங்கிக்காயைப் பத்தி? ஆனா அவரு சொன்னதுக்கு மாத்தி சொன்னேன்."

காமாட்சியம்மாள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கரைக்கு நாடா போட்டாள். கைலாசம் அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்தார். அது அவருக்குச் சுலபமாக வரவில்லை. பரசுராமனாக இருந்தால் இதற்குள் இன்னும் நாலு விஷயம் சொல்லியிருப்பார்.

"அப்பால?" என்றாள் அவள்.